அம்மாவுக்குக் கொலிஜில் இடம் கிடைத்துவிட்டது

என் அகிலனுக்கு,

நீ இதை வாசிக்கும் நேரத்தில் உன் அம்மா வீட்டுக்குள் சப்பாத்தோடு நடந்துகொண்டிருப்பாள். சும்மா சப்பாத்தில்லை. நுனியில் இரும்பு வைத்த, கணுக்காலுக்கு மேலே இழுத்துக் கட்டுகிற வேலைச் சப்பாத்து. ஒன்றைக் கையில் தூக்கினால் ஒரு முற்றல் தேங்காயின் பாரம். கால் பழகவேண்டும் என்று கடையில் சொன்னார்கள், மூன்று நாளாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். சோறு வடிக்கும்போதும் அதுதான், உடுப்பு மடிக்கும்போதும் அதுதான். சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கும்போது மட்டும் கழற்றுகிறேன். நேற்று மாடிப்படியில் இறங்கி வந்தபோது அப்பா பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு எழும்பிவிட்டார். "ஐயோ, நான் பழைய ஞாபகத்திலை ஆமி வந்திட்டுதெண்டு நினைச்சிட்டன்" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை நான் கொலிஜ் போகிறேன். துப்புரவு வேலைக்கு இல்லை, படிக்க! ஐம்பத்தெட்டு வயதில் உன் அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. தொழிற்சாலை இயந்திரங்களைப் பூட்டவும் கழற்றவும் திருத்தவும் படிப்பிக்கிற வகுப்பு. கணக்குப் பரீட்சை ஒன்று வைத்தார்கள். பதினாறில் மூன்று, முப்பத்திரண்டில் ஐந்து என்று பின்னங்கள். நான் ஊரில் பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில், ஏ.எல். கணிதப் பிரிவில் இருந்தவள் என்பதை நீயே மறந்திருப்பாய், நானே மறந்துவிட்டேனே. பேனையைப் பிடித்ததும் கை தானாக ஓடியது. பக்கத்தில் இருந்த பிள்ளை நான்தான் பரீட்சை நடத்துகிற ஆள் என்று நினைத்து, வெளியே போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டது. நானும் தலையாட்டிவிட்டேன். மாணவர் அட்டைக்குப் படம் எடுத்தபோது சிரிக்கவேண்டாம் என்றார்கள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பல்லெல்லாம் தெரிகிற அந்த அட்டை இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், என் பேத்தி மாயா கீறிய படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிஸ்கற் தொழிற்சாலையை மூடியபோது எனக்காக நீ எவ்வளவு கவலைப்பட்டாய் என்பது தெரியும். "இனிப் போதுமம்மா, வீட்டிலை இருங்கோ" என்று சொன்னாய். இருபத்திரண்டு வருடம் பொதி கட்டுகிற இயந்திரத்துக்கு முன்னால் நின்றவள் எப்படியப்பா வீட்டில் இருப்பாள்? பட்டி தேய்ந்தால் அது ஒரு மாதிரி முனகும், பல்லுச்சக்கரம் விலகினால் வேறு மாதிரிக் கடகடக்கும். எனக்கு அந்தச் சத்தமெல்லாம் பாடம். திருத்துகிறவர் வந்து பார்த்துவிட்டுக் கடைசியில் நான் முதலில் சொன்ன இடத்திலேயே கை வைப்பார். ஆனால் என்னைத் தொட விடமாட்டார்கள், அதற்குப் படித்த சான்றிதழ் என்னிடம் இல்லை. இப்போது வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் படிப்புக் கட்டணம் கட்டுகிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. ஒரு சதமும் நான் கட்டவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதும்போது உன் முகம் எனக்குத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாயாவின் பிறந்தநாளுக்கு ஸ்ரௌவ்வில் வீட்டுக்கு வந்தபோது இந்தச் செய்தியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தேன். கேக் வெட்டியதும் சொல்வோம் என்று நினைத்திருந்தேன். நீ குசினியில் நின்றாய். அறுபது பேருக்குச் சாப்பாடு, ஒன்றையும் கடையில் எடுக்காமல் நீயே செய்திருந்தாய். மட்டன் றோல்ஸை எண்ணெய்க்குள் ஒவ்வொன்றாக விட்டுத் திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தாய். காப்புறுதிக் கொம்பனியில் மேசைக்கு முன்னால் இருக்கிற அகிலனை நான் ஒருநாள் வந்து பார்த்திருக்கிறேன். அங்கே இருந்தவனுக்கும் இங்கே நின்றவனுக்கும் தோள்கூட ஒரே மாதிரி இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நிரூபா, கொலிஜ் படிப்பை எல்லோருக்கும் இலவசமாக்கவேண்டும் என்று ரேடியோவில் யாரோ பேசியதைச் சொன்னாள். நீ கரண்டியை ஓங்கிக்கொண்டு திரும்பினாய்.

"சும்மா குடுத்தா ஆர் மதிப்பினம்? உது ஆற்றை காசு? நாங்கள் கட்டுற வரிதானே. நான் கடன் எடுத்துப் படிச்சு, ஒழுங்காக் கட்டி முடிச்சனான். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சும்மா தரேல்லை."

"உங்களுக்குத் தராததுக்காக மற்றவைக்கும் குடுக்கக் கூடாதோ?" என்று நிரூபா கேட்டாள். நல்ல கேள்வி. என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய், சிரித்துக்கொண்டே சொன்னாய். "நானும் கொலிஜுக்குக் கேட்டனான் தெரியுமே? சமையல் படிக்க. வெயிற்றிங் லிஸ்ற்றிலை போட்டுட்டு ஒரு பதிலும் இல்லை. கேட்ட எனக்கே தராத இடத்தை இப்ப எல்லாருக்கும் சும்மா குடுக்கப் போகினமாம்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் கைப்பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டேன். தலையிடி என்று சொல்லித்தான் வெள்ளென வெளிக்கிட்டேன். எனக்குத் தலை இடிக்கவில்லை, மகனே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வட்டியாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சும்மா கொடுத்தால் மதிக்கமாட்டார்கள் என்றாய். நான் ஊரில் அரிவரியில் இருந்து ஏ.எல். வரைக்கும் படிக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சதமும் கட்டவில்லை. பல்கலைக்கழகம் போனவர்களும் அப்படித்தான் போனார்கள். படிப்பு இலவசம் என்பதற்காக யாராவது மதிக்காமல் விட்டார்களா? இடம்பெயர்ந்து ஓடும்போது நகையை மறந்துவிட்டுச் சான்றிதழைக் கட்டிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். எனக்கும் ஏ.எல். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் எல்லாம் குலைந்தது. பிறகு கலியாணம், நீ, இந்த நாடு. என் படிப்பை நிறுத்தியது கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் நிறுத்திய பிள்ளை ஒன்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் என்னோடு நின்ற டிலானி. மல்வேர்னில் எங்களுக்கு இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கிறாள், இருபத்திரண்டு வயது. பல் வைத்தியரிடம் உதவியாளராக நிற்கிற படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "அடுத்த செமெஸ்ரர் போறன் அன்ரி, கொஞ்சம் சேத்துக்கொண்டு போறன்" என்றாள். அடுத்ததற்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொன்னாள். தொழிற்சாலை மூடியபோது அவள் வேலை செய்த காலம் போதாது என்று என் திட்டத்தில் அவளைச் சேர்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரி இலவசமாகப் போகிறேன், இருபத்திரண்டு வயதுக்காரி இப்போது ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறாள். முழங்கால் தேய்ந்த பிறகு கொடுக்கிறதை முழங்கால் நல்லாய் இருக்கும்போதே கொடுத்தால் என்ன? நீ கட்டுகிற வரியில் அந்தப் பிள்ளை படித்தால் நாளைக்கு மாயாவின் பல்லையே அது பார்க்கும். யார் எவ்வளவு கட்டவேண்டும், எங்கே இருந்து எடுக்கவேண்டும் என்றெல்லாம் கேட்காதே, எனக்குத் தெரியாது. இடம் எடுத்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் திரிகிற பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் இலவசமாகக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வேன்.

சரி. இப்போது கொஞ்சம் இருந்து வாசி, மகனே.

கொலிஜில் சேர என் பழைய சான்றிதழைக் கேட்டார்கள். பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முதல், அப்பா மேலே இருந்த பெட்டியை இறக்கினார். என் கூறைச் சேலை இருக்கிற பெட்டி. சான்றிதழ் அடியில் இருந்தது. அதை எடுக்கச் சேலையைத் தூக்கியபோது மடிப்புக்குள் இருந்து ஒரு கடித உறை விழுந்தது. உன் பெயர் எழுதிய உறை. அப்பா குனிந்து எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார். காத்திருப்போர் பட்டியலில் இருந்த உனக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, இந்தத் திகதிக்குள் பதில் தரவும் என்று கொலிஜ் எழுதிய கடிதம் அது. சமையல் படிப்புக்கு. இருபது வருடத்துக்கு முந்திய கோடையில் வந்தது.

ஓம் அப்பன். உன்னை அவர்கள் மறக்கவில்லை. கூப்பிட்டார்கள். நான்தான் ஒளித்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்த வாரம்தான் உன் ரியூசன் மாஸ்ரர் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் விளம்பரம் போட்டார். பல்கலைக்கழகம் போகிற தன் மாணவர்களின் படங்கள், வரிசை வரிசையாக. மூன்றாவது வரிசையில் நீ, கழுத்தில் பள்ளிக்கூட ரை கட்டிக்கொண்டு. நான் கடை கடையாக ஏறி இறங்கி அந்த இலவசப் பத்திரிகையில் ஒரு கட்டையே அள்ளிக்கொண்டு வந்தேன். வெட்டி வெட்டி லண்டனுக்கு, பாரிசுக்கு, ஊருக்கு என்று எல்லாச் சொந்தத்துக்கும் அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் கொலிஜ் போகிற பிள்ளை ஒன்றின் படமாவது இருந்ததா? இல்லை. இந்த நாட்டில் கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம் இல்லை, கைத்தொழில் படிக்கிற இடம்; எங்கள் சனம் அந்தப் பேரைத் தணிந்த குரலில்தான் சொல்லும், ஏதோ தொற்றுகிற வருத்தத்தின் பேர் சொல்வது போல. தபால்பெட்டித் திறப்பு என்னிடம் இருந்தது. ஷிஃப்ற் முடிந்து பஸ்ஸால் இறங்கி, பெட்டியைத் திறந்து, அங்கேயே நின்று உன் கடிதத்தை உடைத்தேன். உன் பெயருக்கு வந்த கடிதத்தை. வாசித்தேன். எல்லா வெட்டுத்துண்டும் தபாலில் போய்விட்டதே என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. உன்னைப்பற்றி நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. கிழித்தெறிய மனம் வரவில்லை. ஒருவரும் திறக்காத இடம் என்று கூறைக்குள் வைத்தேன்.

பிறகு நீ பல்கலைக்கழகத்துக்குப் போனாய். ஒரு வருடம் கழித்து அந்தப் படிப்புப் பிடிக்காமல் வீட்டில் சோறு தின்னாமல் இருந்தாய், ஒரு பாடத்தில் விழுந்தாய், எழும்பினாய், ஒருவழியாய் முடித்தாய். கெட்டிக்காரன், எங்கே விட்டாலும் தப்புவாய். "என்னை அவையள் எடுக்கேல்லை, அப்ப நான் உதுக்குச் சரிவரமாட்டன் போல" என்று ஒருமுறை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நான் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த ஒரு வசனத்தை நீ இத்தனை வருடம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது. உனக்குக் கோபம் இலவசத்தில் இல்லை அப்பன். உன்னை ஒருவர் வேண்டாம் என்று சொன்னதில். அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா கடிதத்தை மடித்தபோது எனக்குப் பேச்சு விழும் என்றுதான் நின்றேன். அவர் கதிரையில் இருந்து, தன் முழங்கைக்குக் கீழே இருக்கிற அந்த எண்ணெய்த் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அவன் குசினிக்குப் போகக் கூடாதெண்டு நினைச்சனீரோ, இல்லாட்டி என்னைப்போல வரக் கூடாதெண்டு நினைச்சனீரோ?"

"நீங்கள் பட்ட கஷ்ரம் அவன் படக் கூடாதெண்டு..." என்று தொடங்கினேன்.

"கஷ்ரம்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. இருவத்தாறு வருசம் றெஸ்ரோறன்ற் குசினியிலை நிண்டனான். ஆனா எனக்கு ஒருநாளும் வெக்கமா இருக்கேல்லை. நான் வச்ச சூப்பைக் குடிக்கவெண்டே சனம் லைனிலை நிண்டது. என்ரை பிள்ளை ஒழுங்காப் படிச்சு, வெள்ளைத் தொப்பி போட்டு, எனக்கு மேலை நிண்டு ஓடர் குடுத்திருந்தா..." கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தார். "வெக்கம் உமக்குத்தான் இருந்திருக்கு" என்றார்.

அது உண்மை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று இருபது வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது வெட்கம், உன் அப்பாவின் தொழிலைப்பற்றி. அவர் உழைத்த சோற்றைத் தின்றுகொண்டே வெட்கப்பட்டிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடும்" என்றார். ஆனால் அன்று தேத்தண்ணியைத் தானே போட்டுத் தனியே குடித்தார், நாற்பது வருடத்தில் முதல் தடவையாக.

ஆகையால் நீ சொன்னதில் ஒரு நெல்மணி உண்மை இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வருடம் கொலிஜ் இலவசமாக இருந்திருந்தால் நான் உன்னை விட்டிருப்பேனா? மாட்டேன். சும்மா கொடுக்கிற இடத்துக்கா என் பிள்ளை என்று இன்னும் கெதியாக ஒளித்திருப்பேன். ஊரில் இலவசப் படிப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடியவள், இங்கே வந்து விலை பார்த்துப் படிப்பை மதிக்கப் பழகிவிட்டேன். ஆனால் மதிக்கத் தெரியாத தாய்மார் இருக்கிறார்கள் என்பதற்காக டிலானியின் கதவைப் பூட்டி வைக்கலாமா? எனக்கு வந்த புத்தி பிந்தி வந்தது. மற்றவர்களுக்கு முந்தி வரட்டும். நீயும் நிரூபாவும் இதைப்பற்றி இன்னும் சண்டை பிடியுங்கள், அடுத்தமுறை நான் தலையிடி என்று ஓடமாட்டேன். அவள் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

சேர்க்கைக்குப் போன அன்று அந்தக் கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். என் பட்டறைக்குப் போகிற நடைபாதையில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே வெள்ளை உடுப்போடு இருபது பேர், ஆளுக்கொரு அடுப்பு. வெங்காயம் வதங்குகிற வாசம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. உன் வயதுக்காரர் ஒருவரும் நின்றார், தலையில் நரை தட்டின ஒருவரும் நின்றார். பின்னேர வகுப்பும் இருக்கிறது என்று பலகையில் போட்டிருந்தது. நான் கேட்டுப் பார்க்கவில்லை, விண்ணப்பத் தாளும் எடுத்து வரவில்லை. உனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள், நல்ல வேலை இருக்கிறது. போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். அந்த உரிமையை நான் இருபது வருடத்துக்கு முதலே செலவழித்து முடித்துவிட்டேன். உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கூறையின் சிவப்பு ஒரு மூலையில் பிடித்திருக்கிறது, மற்றபடி பழுதில்லை. உன் பெயரை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருக்கிறார்கள் பார்.

என்னை மன்னி என்று இங்கே எழுதிவிட்டால் நீ நல்ல பிள்ளை, உடனே ஃபோன் எடுத்து "பரவாயில்லை அம்மா" என்பாய். அதனால் ஃபோனில் வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆறுகிற அன்று ஆறட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ பள்ளிக்கூடம் போன பதின்மூன்று வருடமும் உனக்குச் சாப்பாடு கட்டித் தந்தது நான். திங்கட்கிழமை எனக்கு எட்டு மணிக்கு வகுப்பு. ஏழு மணிக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். உன்னால் முடிந்தால் என் முதல் நாள் சாப்பாட்டை நீ சமைத்துக் கொண்டு வா. என்னவென்றாலும் சரி. வராவிட்டால் பாணும் சம்பலும் கொண்டுபோவேன், அதில் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்தால், மத்தியானம் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து டப்பாவைத் திறக்கும்போது யாராவது கேட்பார்கள், இவ்வளவு வாசமாக இருக்கிறதே, யார் சமைத்தது என்று.

என் மகன் என்று சொல்வேன். அவன் அப்பாவும் ஒரு சமையல்காரர் என்று சொல்வேன்.

அம்மா